மலையிலே குறையும் குளிர்



தேயிலை மலையிலே வாழ்கிறவர்களுக்குப் பருவம் என்றால் என்ன என்று யாரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த மாதத்தில் கொழுந்து பொங்கும், எந்த மாதத்தில் மலை வறண்டுபோகும், பனி எப்போது இறங்கும், கவ்வாத்து எப்போது வெட்டலாம் என்பதெல்லாம் பாட்டி காலத்திலிருந்து கூடையோடு கூடவே இறங்கிவந்த அறிவு. ஆனால் அந்த அறிவு சில ஆண்டுகளாகச் சரியாகப் பலிப்பதில்லை. மழை வரவேண்டிய நேரத்தில் வெயில் காய்கிறது. பனி கொட்டவேண்டிய நேரத்தில் மழை கொட்டுகிறது. செடிகளும் திகைத்துப்போய் நிற்கின்றன. இது ஏன் நடக்கிறது, உயரமான மலைகளில் வளரும் செடிகொடிகளுக்கு இதனால் என்ன ஆகிறது, அதனால் நம் வீட்டு அடுப்புக்கு என்ன வருகிறது என்பதை இன்றைய பேச்சில் பார்ப்போம்.

'கேலாங்கில் உட்கார்ந்துகொண்டு மலையைப் பற்றி என்ன பேச்சு?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சிங்கப்பூரின் கேலாங் வட்டாரம் கடலோரத்துத் தாழ்ந்த நிலம். இங்கே மலையும் இல்லை, தேயிலையும் இல்லை. ஆனாலும் ஒரு காலத்தில் இதுவும் தோட்ட மண்தான். கேலாங் சிராய் என்ற பெயரில் உள்ள 'சிராய்' என்பது மலாய் மொழியில் எலுமிச்சைப்புல்லைக் குறிக்கும். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இங்கே எலுமிச்சைப்புல் பயிரானது, தென்னந்தோப்புகளும் இருந்தன. இன்று இங்கே பயிர் இல்லை, சந்தை இருக்கிறது. கேமரன் மலையில் விளையும் கோபீசும் தக்காளியும் லாரியில் ஏறி, ஜொகூர் பாலத்தைத் தாண்டி, சிங்கப்பூர்ச் சந்தைகளுக்கு வருகின்றன. மலையிலே ஒரு வாரம் பெருமழை பெய்தால் இங்கே காய்கறி விலை ஏறும். இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு மலாயாத் தோட்டங்களோடு உறவும் உண்டு. ஆகவே மலையின் சுகமும் துக்கமும் நமக்கு அந்நியமல்ல.

முதலில் ஒரு சின்ன அதிசயத்தைச் சொல்கிறோம். சிங்கப்பூரின் சாலையோரத்து மரங்களில் புறா ஆர்க்கிட் என்று ஒரு செடி தானாகவே தொற்றி வளரும். வெள்ளைப் பூ, பறக்கிற புறாவைப் போன்ற தோற்றம். இந்தச் செடி மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். ஒருநாள் பலத்த மழை பெய்து, காற்றின் வெப்பம் சட்டென்று 5 டிகிரிக்கும் மேல் இறங்கினால், அன்றிலிருந்து ஒன்பதாம் நாள் அந்த வட்டாரத்திலுள்ள புறா ஆர்க்கிட் செடிகள் எல்லாம் ஒன்றாகப் பூக்கும். ஒரே நாள் பூத்து வாடிவிடும். அந்தச் செடிக்குக் காலண்டர் கிடையாது. குளிர்தான் அதற்குக் கடிகாரம். இதைப் போலவே ஒவ்வொரு செடிக்கும் ஏதோ ஒரு கடிகாரம் இருக்கிறது. சிலவற்றுக்குக் குளிர், சிலவற்றுக்கு வறட்சி, சிலவற்றுக்குப் பகல் பொழுதின் நீளம். அந்தக் கடிகாரத்தைக் கலைத்தால் செடி தளிர்விடுவதும், பூப்பதும், காய்ப்பதும் எல்லாமே கலைந்துபோகும்.

இனி மலைக்கு வருவோம். மலைமேல் ஏன் குளிர்கிறது? மேலே போகப்போகக் காற்று மெலிந்து விரிகிறது; விரிகிற காற்று குளிர்கிறது. பொதுவாக 100 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 0.6 டிகிரி செண்டிகிரேடு குறையும். 1,000 மீட்டர் ஏறினால் 6 டிகிரி குறையும். கடலோரத்தில் 30 டிகிரி வெயில் அடிக்கும்போது 1,500 மீட்டர் உயரத்தில் 21 டிகிரிதான் இருக்கும். வெள்ளைக்காரன் கேமரன் மலையிலும் நுவரெலியாவிலும் ஊட்டியிலும் பங்களா கட்டிக்கொண்டது இந்தக் குளிருக்காகத்தான். தேயிலையையும் உருளைக்கிழங்கையும் அங்கே பயிரிட்டதும் இதை நம்பித்தான்.

சிங்கப்பூரின் மிக உயரமான இடம் புக்கிட் தீமா குன்று. அதன் உயரம் சுமார் 163 மீட்டர். நாம் சொன்ன கணக்குப்படி அடிவாரத்துக்கும் உச்சிக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒரு டிகிரிதான். இந்தப் புக்கிட் தீமாவை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்றைய பேச்சுக்கு அதுதான் அளவுகோல்.

இப்போது உலகத்தின் வெப்பம் ஏறிக்கொண்டிருக்கிறது. தோட்டத்திலே மழைக்கும் குளிருக்கும் கம்பளி போர்த்திக்கொள்கிறோம் அல்லவா? கம்பளி சூட்டை உண்டாக்குவதில்லை. நம் உடம்பின் சூடு வெளியே போகாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். பூமிக்கு அப்படி ஒரு கம்பளியாக இருப்பது காற்றிலே கலந்திருக்கும் கரியமிலவாயு. நிலக்கரியும் பெட்ரோலும் டீசலும் எரிவதாலும், காடுகள் அழிவதாலும் அந்த வாயு பெருகுகிறது. ஹவாய்த் தீவிலுள்ள மவுனா லோவா என்ற மலையில், 3,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், 1958ஆம் ஆண்டு முதல் இதை அளந்து வருகிறார்கள். அந்த ஆண்டில் காற்றின் பத்து லட்சம் பங்கில் 315 பங்கு கரியமிலவாயு இருந்தது. 2024இல் அது 420 பங்கைத் தாண்டிவிட்டது. கம்பளி கனத்துக்கொண்டே போகிறது.

அதன் விளைவு என்ன? 1850 முதல் 1900 வரையிலான காலத்தோடு ஒப்பிட்டால், 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் உலகத்தின் சராசரி வெப்பம் 1.1 டிகிரி ஏறியிருந்தது. அதற்குப் பிறகும் ஏற்றம் நிற்கவில்லை. சிங்கப்பூரில் 1948 முதல் 2016 வரை பத்தாண்டுக்குச் சுமார் கால் டிகிரி வீதம் ஏறியிருக்கிறது. இதிலே கட்டடங்களும் தார்ச்சாலைகளும் சேர்த்த சூடும் அடங்கும். 2023 மே 13 அன்று ஆங் மோ கியோவில் 37 டிகிரி பதிவாயிற்று. அதற்கு முன் அந்த அளவு சூடு இங்கே பதிவானது 1983இல்தான்.

'ஒரு டிகிரிதானே, இதற்கா இத்தனை பேச்சு?' என்று தோன்றலாம். இங்கேதான் நம் அளவுகோல் வேலை செய்கிறது. ஒரு டிகிரி என்றால் ஒரு புக்கிட் தீமா உயரம். உலகத்தின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால், ஒவ்வொரு மலையும் ஒரு புக்கிட் தீமா அளவுக்குக் குட்டையானதற்குச் சமம். 1,500 மீட்டரில் இருக்கும் தோட்டத்துக்கு, முன்பு 1,340 மீட்டரில் இருந்த தட்பவெப்பம் வந்துவிடுகிறது. தோட்டம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வெயில் மலை ஏறிவிட்டது.

காலில்லாத செடிகளும் வெயிலைப் பார்த்து மேலே ஏறுகின்றன. எப்படி? கீழ்ப்பக்கத்தில் விழுந்த விதை முளைக்காமல் போகிறது. மேல்பக்கத்தில் விழுந்த விதை பிழைத்துக்கொள்கிறது. தலைமுறைக்குத் தலைமுறை அந்தச் செடியின் ஊர் மேலே நகர்கிறது. தென் அமெரிக்காவில் சிம்பொராசோ என்ற மலையில் ஹம்போல்ட் என்ற ஜெர்மானிய அறிஞர் 1802இல் எந்தச் செடி எந்த உயரத்தில் வளர்கிறது என்று எழுதிவைத்தார். 2012இல் விஞ்ஞானிகள் அதே மலையில் ஏறிப் பார்த்தபோது, செடிகள் முன்பைவிட உயரப் போயிருந்ததைக் கண்டார்கள். நம் பக்கத்திலும் இப்படி உண்டு. சபாவின் கினபாலு மலையில் 1965இலும் 2007இலும் விட்டில்பூச்சிகளைக் கணக்கெடுத்தார்கள். 42 ஆண்டுகளில் அவை சராசரியாக 67 மீட்டர் மேலே ஏறியிருந்தன. இப்படி ஏறிக்கொண்டே போகலாமா என்றால், முடியாது. மலையுச்சிக்கு மேல் மலை இல்லை. உச்சியில் ஏற்கெனவே வாழ்கிற செடிக்கு ஓட இடமில்லை.

இனி தேயிலைச் செடியை எடுத்துக்கொள்வோம். காற்றின் வெப்பம் சுமார் 13 டிகிரிக்குக் கீழே இறங்கினால் தேயிலையின் மொட்டு ஏறக்குறைய உறங்கிவிடும். 18 முதல் 30 டிகிரிவரை அது நன்றாகத் தளிர்க்கும். 30 டிகிரிக்கு மேலே போய், காற்றும் உலர்ந்துவிட்டால், செடி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இலையிலுள்ள நுண்ணிய துளைகளை மூடிக்கொள்ளும். துளை மூடினால் உணவு தயாரிப்பது நின்றுபோகும், கொழுந்து நீளாது. ஆகவே வெப்பம் ஏறுவதால் எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே மாதிரிப் பலன் வராது. தாழ்ந்த நாட்டுத் தோட்டம் ஏற்கெனவே மேல் எல்லையை ஒட்டி நிற்கிறது. அங்கே ஒரு டிகிரி கூடினாலும் நஷ்டம். மிக உயரத்தில் குளிரால் உறங்கிக் கிடக்கும் தேயிலைக்கோ, அதே ஒரு டிகிரி ஆரம்பத்தில் தளிரைக் கூட்டவும் செய்யலாம்.

அப்படியானால் உயர்ந்த மலைக்கு லாபம்தானே? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. மலைத் தேயிலையின் பெருமை எடையிலே இல்லை, வாசனையிலே இருக்கிறது. குளிரில் கொழுந்து மெல்ல மெல்ல வளரும்போதுதான் வாசனைப் பொருள்கள் அதிலே திரளுகின்றன. இலங்கையில் ஊவாப் பக்கத்துத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் வறண்ட காற்றில் தனி மணம் வரும். நுவரெலியா, டிம்புல்லைப் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட குளிர் மாதங்கள் நல்ல பருவம். நீலகிரியில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனிக் காலத்தில் எடுக்கும் தேயிலைக்குச் சந்தையிலே தனி மதிப்பு உண்டு. அந்தக் குளிர் தளர்ந்தால் அந்த மணமும் தளரும். மணம் போனால் ஏல விலை இறங்கும். விலை இறங்கினால் அந்தச் சுமை கடைசியில் யார் தோளுக்கு வரும் என்பது உங்களுக்கே தெரியும்.

நோய்களும் பூச்சிகளும் கூட இடம் மாறுகின்றன. கொப்புள நோய் 1946இல் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பரவியது. இளம் இலையில் கொப்புளம் கிளப்பும் இந்தப் பூஞ்சணத்துக்கு மூடுபனியும் ஈரமும் குளிரும் வேண்டும். பல நாள் தொடர்ந்து நல்ல வெயில் அடித்தால் அது அடங்கிவிடும். செஞ்சிலந்திக்கு நேர்மாறான குணம். வெயிலும் வறட்சியும் இருந்தால் அது பல்கிப் பெருகும். ஆகவே மழை மாதங்களில் ஈரம் நீண்டால் கொப்புள நோயும், கோடை நீண்டால் செஞ்சிலந்தியும் என்று ஒரே ஆண்டில் இரண்டையும் சமாளிக்க வேண்டிய நிலை வருகிறது. மருந்தடிக்கும் தடவைகளும் கூடுகின்றன. பம்பைத் தோளில் சுமப்பவருக்கு இது வெறும் செலவுக் கணக்கல்ல, உடம்புக் கணக்கு.

வெப்பத்தைவிட மழைதான் பெரிய தொல்லை. காற்று ஒரு டிகிரி சூடானால் அது சுமார் 7 சதவிகிதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதாவது மழை பெய்யாமல் நெடுநாள் இழுத்துக்கொண்டு போகும். பெய்யும்போது குடத்தோடு கவிழ்த்தது போலப் பெய்யும். ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் மழை குறையவே இல்லை என்று தோன்றும். ஆனால் தேயிலைக்கு ஆண்டுக் கணக்கு உதவாது. வாரந்தோறும் பெய்யும் மழைதான் அதற்குக் கொழுந்து. ஆறு வாரம் வறண்டுவிட்டு, ஒரே இரவில் கொட்டித் தீர்த்தால் தண்ணீர் வேருக்குப் போகாது. மேல்மண்ணை வாரிக்கொண்டு ஆற்றுக்குப் போகும்.

இலங்கையின் கணக்கைப் பாருங்கள். 2015இல் அந்த நாட்டில் சுமார் 32.9 கோடி கிலோ தேயிலை உற்பத்தியாயிற்று. 2016இல் அது சுமார் 29.3 கோடி கிலோவாக இறங்கியது. களைக்கொல்லித் தடை முதலான வேறு காரணங்களும் அதற்கு இருந்தன. ஆனால் வறட்சியும் தாறுமாறான மழையும் முக்கியமான காரணங்கள். 3 கோடி கிலோவுக்கு மேல் குறைந்தது என்பதைச் செய்தித்தாளில் ஒரு வரியாகப் படித்துவிட்டுப் போகலாம். மலையிலே அது வேறு விதமாகத் தெரியும். குறித்த கிலோ பறிக்காவிட்டால் முழுப் பேர் கிடையாது, அரைப் பேர்தான் என்ற வழக்கம் உள்ள இடங்களில், செடியில் கொழுந்து இல்லாத குற்றத்துக்குப் பறிக்கும் பெண்ணின் கூலி குறைகிறது. வானம் செய்த பிழை கூடையிலே தெரிகிறது.

அடுத்து காய்கறித் தோட்டம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கோபீஸ், தமிழ்நாட்டில் முட்டைக்கோஸ், இலங்கையில் கோவா. பெயர் மூன்றானாலும் குணம் ஒன்று. குளிர் இருந்தால்தான் இலைகள் இறுக மூடி உருண்டை கட்டும். சூடு கூடினால் உருண்டை தளர்ந்து, எடை குறையும். அதற்கு வரும் முதல் எதிரி வைர முதுகு அந்துப்பூச்சி. கேமரன் மலையில் இந்தப் பூச்சி பல மருந்துகளுக்கும் பழகிப்போய், சாகாமல் நின்றது. அதனால் 1970களில் அதன் இயற்கை எதிரியான ஒரு குளவியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். தேயிலை மலையில் நம்மைக் கொட்டுகிற குளவி அல்ல இது. கொசு அளவிலான சின்னக் குளவி. அந்துப்பூச்சியின் புழுவுக்குள் முட்டையிட்டு, புழுவையே தின்று தீர்க்கும். மருந்து செய்யாத வேலையை இது செய்தது. ஆனால் இந்தக் குளவி குளிர்ந்த மலையில்தான் நன்றாகப் பிழைக்கும். சூடான நாட்டில் பெருகாது. அந்துப்பூச்சியோ சூடு கூடக்கூடச் சீக்கிரமாகத் தலைமுறை போடும். இதிலிருந்து என்ன தெரிகிறது? வெயில் மலை ஏறினால் எதிரிக்குப் பலம் கூடும். நம் பக்கத்துக் காவலாளிக்குப் பலம் குறையும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கம்பளி கனத்தால் பகலைவிட இரவில்தான் அது அதிகம் தெரியும். பல நாடுகளில் பகல் வெப்பத்தைவிட இரவு வெப்பம் வேகமாக ஏறியிருக்கிறது. செடி பகலில் சர்க்கரையைச் சமைக்கிறது. இரவில் அதில் ஒரு பகுதியை மூச்சாகச் செலவழிக்கிறது. இரவு குளிர்ந்தால் செலவு குறையும், மிச்சம் கிழங்குக்கும் காய்க்கும் போகும். இரவு சூடானால் சம்பாதித்ததைச் செடியே தின்றுவிடும். உருளைக்கிழங்குக்கு இரவு 20 டிகிரிக்கு மேல் போனால் இலை செழிக்கும், மண்ணுக்குள்ளே கிழங்கு சிறுத்துவிடும். தக்காளிக்கும் இரவுச் சூடு ஆகாது, பூ உதிரும். பகலில் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கிறவருக்கு இந்த நஷ்டம் கண்ணில் படாது. மண்ணைத் தோண்டும்போதுதான் தெரியும்.

இனி யாரும் நடாமல், யாரும் பறிக்காமல் மலையில் வளரும் செடி ஒன்றைப் பார்ப்போம். அது நீலக்குறிஞ்சி. மூணாறை ஒட்டிய எரவிகுளத்திலும், பழனி மலையிலும், நீலகிரியிலும் புல்வெளியில் வளர்வது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரே நேரத்தில் பூத்து, விதை சிந்தி, செடி மடிந்துவிடும். மூணாற்றுப் பக்கத்தில் 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்தது. அந்தக் கணக்குப்படி அடுத்தது 2030. ஆண்டுதோறும் பூக்கும் செடிக்கு ஓர் ஆண்டு கெட்டால் அடுத்த ஆண்டு உண்டு. குறிஞ்சிக்கு அப்படி இல்லை. 2018 ஆகஸ்டில் கேரளத்தை மூழ்கடித்த பெருமழையில், பூக்கத் தொடங்கியிருந்த குறிஞ்சியும் அடிபட்டது. ஒரு தலைமுறையின் விதைக்கு வந்த ஆபத்து அது.

குறிஞ்சி வாழும் புல்வெளியைக் காப்பதும் குளிர்தான். நீலகிரியிலும் ஆனைமலையிலும் உச்சிப் பகுதியில் பள்ளங்களில் சோலைக்காடும், மேடுகளில் புல்லும் மாறிமாறி இருக்கும். சோலை மரத்தின் கன்று திறந்த வெளியில் முளைத்தால் உறைபனி அதைக் கருக்கிவிடும், புல் தாங்கிக்கொள்ளும். இப்படிப் பனிதான் புல்லுக்கும் மரத்துக்கும் எல்லை வகுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் அந்த எல்லை அழியும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில் மரம் ஏற்கெனவே புல்வெளியை விழுங்கிவருகிறது. புல்வெளி போனால் குறிஞ்சியும், அதை நம்பிய வரையாடும் மட்டும் போவதில்லை. மழையை உறிஞ்சி, கோடையில் ஓடையாக விடுகிற பஞ்சும் போகும். கீழே உள்ள தோட்டத்துக் குழாயில் வரும் தண்ணீர் அந்தப் பஞ்சிலிருந்து வருவதுதான்.

இது நம் பக்கத்து மலைகளுக்கு மட்டும் வந்த கேடு அல்ல. இமாசலப் பிரதேசத்தில் ஆப்பிள் மரத்துக்குக் குளிர்காலத்தில் பல நூறு மணி நேரம் நல்ல குளிர் வேண்டும். அப்போதுதான் வசந்தத்தில் ஒழுங்காகப் பூக்கும். குலு பள்ளத்தாக்கின் தாழ்ந்த பகுதிகளில் அந்தக் குளிர் போதாமல் போகவே, விவசாயிகள் மாதுளைக்கும் மற்ற பயிர்களுக்கும் மாறினார்கள். ஆப்பிள் சாகுபடி இன்னும் உயரமான லாகுல்-ஸ்பிதிப் பக்கம் ஏறியது. ஜப்பானில் கியோட்டோ நகரத்தின் செர்ரிப் பூ எந்த நாளில் முழுக்கப் பூத்தது என்பதற்கு 812ஆம் ஆண்டு முதல் குறிப்புகள் கிடைக்கின்றன. 2021இல் அது மார்ச் 26 அன்றே பூத்துவிட்டது. 1,200 ஆண்டுக் கணக்கில் அதுவரை அத்தனை சீக்கிரம் பூத்ததில்லை.

கேலாங்கிலும் ஒரு பருவக் கணக்கு உண்டு. டுரியான் காலம் வந்தால் இந்த வட்டாரத்துக் கடைத்தெரு முழுவதும் அதன் வாசம்தான். பழம் வருவது பஹாங், ஜொகூர்த் தோப்புகளிலிருந்து. டுரியான் பூக்கவேண்டுமானால் சில வாரம் மழையில்லாமல் காய வேண்டும். பூ மாலையில் விரிந்து, இரவில் வௌவால் வந்து மகரந்தம் சேர்க்கும். அந்தச் சமயத்தில் பலத்த மழை பெய்தால் பூ கொட்டிப்போகும். ஆகவே இன்று இங்கே கடைக்காரர் சொல்லும் விலை, மூன்று நான்கு மாதத்துக்கு முன் ஒரு மலைச்சரிவில் பெய்த, அல்லது பெய்யாத மழையின் விலை.

எல்லாப் பழியையும் வானத்தின்மேல் போட்டுவிடவும் கூடாது. சரிவிலுள்ள காட்டை வெட்டியதும், நீரோடைகளை அடைத்ததும், பிளாஸ்டிக் கூரைத் தோட்டங்களை நெருக்கி அமைத்ததும் மலையின் சூட்டையும் மண் சரிவையும் கூட்டியிருக்கின்றன. உலகத்தின் சூடு ஒரு பக்கம், உள்ளூர்ச் செயல் ஒரு பக்கம். முதலாவதைக் குறைப்பது பெரும்பாலும் நாடுகளின் கையிலும் தொழிற்சாலைகளின் கையிலும் இருக்கிறது. கூடை சுமக்கிற குடும்பம் காற்றிலே கலந்த கரியமிலவாயு மிகச் சொற்பம். ஆனால் இரண்டாவதில் நம்மால் ஆகக்கூடிய சில காரியங்கள் உண்டு.

ஒன்று, மண்ணை மூடிவைப்பது. கவ்வாத்து வெட்டிய மெல்லிய குச்சிகளையும் இலைகளையும் செடியடியிலேயே விட்டால், அது வெயிலைத் தடுக்கும், ஈரத்தைப் பிடிக்கும், மழையில் மண் அரிக்காமல் காக்கும். அடுப்புக்குத் தடித்த குச்சியை எடுத்துக்கொண்டு, மெல்லியதை மண்ணுக்கு விடலாம். இரண்டு, நிழல் மரம். முள்முருங்கையும் சில்வர் ஓக்கும் தேயிலைக்கு மேலே குடை பிடிப்பவை. நிழலுள்ள இடத்தில் நடுப்பகலில் இலையின் சூடு பல டிகிரி குறையும். மூன்று, லயத்துப் பின்புறத்துக் காய்கறிப் பாத்தியில் ஒரே பயிரைத் திரும்பத் திரும்பப் போடாமல் மாற்றிப் போடுவது; கோசும் கிழங்கும் குளிர் மாதத்துக்கு, அவரையும் கீரையும் சூடான மாதத்துக்கு என்று பிரித்துக்கொள்வது.

நான்கு, நம் உடம்பு. மலையில் வெயில் தெரியாது என்ற பழைய எண்ணம் இனி உதவாது. தலையில் துணி, கையோடு தண்ணீர், நடுப்பகலில் சிறிது நேரம் நிழல், இவை வேண்டும். வேலை செய்கிறவருக்குத் தலைசுற்றல், வாந்தி, பேச்சுத் தடுமாற்றம் வந்தால் அது சோம்பலும் அல்ல, பேயும் அல்ல, வெப்பத் தாக்குதல். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பைத் தண்ணீரால் நனைத்து, விசிறி, ஆஸ்பத்திரிக்கு எடுத்துச்செல்ல வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஐந்து, சரிவு. 2014 அக்டோபர் 29 அன்று இலங்கையின் கொஸ்லாந்தை, மீரியபெத்தையில் மண் சரிந்து தோட்ட லயங்களை மூடியது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் லயங்களோடு சுமார் 70 பேர் மண்ணுக்குள் போனார்கள். இரண்டும் பெருமழைக்குப் பின் நேர்ந்தவை. சரிவிலே புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரென்று கலங்கிவரும் ஊற்று, திறக்க முடியாமல் இறுகும் கதவு ஆகியவை மலை தரும் எச்சரிக்கை. இவற்றைக் கண்டால் சாமானைப் பாராமல், இரவென்றும் பாராமல், குழந்தைகளோடு வெளியேறிவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று. கியோட்டோவில் யாரோ பூத்த நாளை எழுதிவைத்ததால்தான் 1,200 ஆண்டு மாற்றம் இன்று தெரிகிறது. ஹம்போல்ட் எழுதிவைத்ததால்தான் செடிகள் மலை ஏறியது தெரிந்தது. நம் தோட்டத்து மலைகளைப் பற்றி நம்மவர் எழுதிவைத்தது மிகக் குறைவு. தோட்ட ஆபீசில் மழைக் கணக்கு இருக்கும். கிலோக் கணக்கும் இருக்கும். கொழுந்து எந்த வாரத்தில் பொங்கியது, முள்முருங்கை எந்த மாதத்தில் சிவந்தது, பனி எத்தனை நாள் இறங்கியது, ஊற்று எந்தத் தேதியில் வற்றியது என்பவை உங்கள் கண்ணில்தான் இருக்கின்றன. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். பாட்டி சொல்லட்டும், பேத்தி எழுதட்டும். ஒரே வாயளவுள்ள நேரான டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து, காலையில் அளவுகோல் விட்டுப் பார்த்தால் மழையளவும் கிடைத்துவிடும்.

ஐந்து ஆண்டு அப்படி எழுதிய நோட்டு ஒரு பெரிய சாட்சி. எந்தக் காய்கறியை எப்போது நடலாம் என்று அது சொல்லும். எந்தச் சரிவில் எப்போது ஊற்று கலங்கியது என்று சொல்லும். கூலிப் பேச்சு நடக்கும்போது, 'இந்த இரண்டு மாதமும் செடியிலே கொழுந்து இல்லை. இதற்கு இந்தக் கிலோவை எப்படிக் கேட்கலாம்?' என்று தேதியோடு எடுத்துச் சொல்லவும் அது உதவும். மாறிவரும் பருவத்தைத் தடுத்து நிறுத்த ஒரு குடும்பத்தால் ஆகாது. ஆனால் அதன் கணக்கை நம் கையில் வைத்திருக்க நம்மால் ஆகும்.